எலுமிச்சம்பழம் வைத்துக் கழற்றிய பிரஸ்

மேலாளர் அவர்களே, நீங்கள் எங்களைப் பொய் சொல்லி விமானம் ஏற்றினீர்கள். அமெரிக்காவில் நம் கம்பெனி வாங்கிய தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் நின்றுபோய்விட்டது, சரிசெய்து ஓடவிட்டு வாருங்கள் என்றீர்கள். ஓசூர் ஆலை மெக்கானிக்குகள் நானும் முனிராஜும் நம்பிப் போனோம்.

2007 செப்டம்பர். இரண்டு விமானம் மாறி அயோவா மாநிலத்தில் இறங்கினோம். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். அழைத்துப்போக வந்தவர் ரே, அந்தப் பிரஸ்ஸை ஓட்டுகிறவர். கவுண்டி என்கிற அவர் மாவட்டத்தில் மேடு பள்ளமே இல்லை. மைலுக்கு ஒரு சாலை, கட்டம் போட்டதுபோல். கட்டம் முழுக்க மக்காச்சோளம். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரும் வணக்கம்போல் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். ரேயும் தூக்கினார்.

"ஏண்ணா, இந்தாளுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரங்களா?" என்றான் முனிராஜ்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். ரே சிரித்தார். "பாதிப் பேர் சொந்தம். மீதிப் பேர் ஊரை விட்டுப் போயிட்டாங்க."

ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை எழுதியிருந்தது. நம் ஒரு ஷிப்டுக்கே அதைவிட ஆள் அதிகம். கோர்ட் வாசலில் கவுண்டியின் வரலாறு பலகையில் எழுதியிருந்தது. குடியேறிய விவசாயிகள், ரயில், கடைசியாகத் தொழிற்சாலை. அதற்கு முன்பு அந்த மண்ணில் வாழ்ந்து துரத்தப்பட்டவர்களுக்கு ஒரே ஒரு வரி. ஓசூரை அடுத்த உத்தனப்பள்ளிப் பக்கம் நாங்கள் கேழ்வரகு விதைத்த கொல்லை தொழிற்பேட்டைக்குள் போனது. அதற்கு அந்த ஒரு வரியும் கிடையாது.

மறுநாள் காலை பிரஸ்ஸைத் தொடுமுன் சந்தனம், குங்குமம் வைத்தோம். முனிராஜ் கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தான். "நாலு பழம் ரெண்டு டாலருண்ணா! நம்ம சந்தையில இந்தக் காசுக்குக் கூடையே குடுப்பான்." பிரஸ் நின்றதிலிருந்து வேலையில்லாமல் இருந்தவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். கற்பூரம் ஏற்றியதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

ரே என் கையைப் பிடித்தார். "சிகாகோவுல ஒரு வேலை கிடைச்சுது. நேத்துதான் வேணாம்னுட்டேன். நீங்க வந்துட்டீங்களே."

மூன்றாம் நாள் பிரஸ் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள்.

"ஓடுதா? சரி, கழட்டுங்க. கன்டெய்னர் வருது. ஓசூர்லதான் மாட்டப்போறோம். அங்கத்த ஆளுங்ககிட்ட வாயே தொறக்காதீங்க."

நான் வாயைத் திறந்தேன். ரேயிடம் சொன்னேன். அவர் பிரஸ் மேல் இருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"நல்லா ஓடணும்னு."

"எங்க?"

ரே அன்றே சிகாகோவுக்குப் போன் செய்து பார்த்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாம்.

பிரஸ்ஸைக் கழற்றிக் கன்டெய்னரில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதும் ரேதான் கொண்டுவந்து விட்டார். அதே சாலை, அதே மக்காச்சோளம். எதிரே வந்த வண்டிகளில் ஒருவரும் விரலைத் தூக்கவில்லை. என்னையும் முனிராஜையும் பார்த்துவிட்டு நேராகப் போனார்கள். ரேக்கும் அந்த மரியாதை போயிற்று, எங்களால்.

அந்தப் பிரஸ் இப்போது ஓசூரில் ஓடுகிறது. ஆயுத பூஜை தவறாமல் அதற்குக் கற்பூரம் காட்டுகிறவர் நீங்கள். இந்த வருடம் காட்டுமுன் மைக்கைப் பிடியுங்கள். பழுது பார்க்க ஆள் வருகிறது என்று அந்த ஊரில் சொல்லச் சொன்னது நீங்களா, இல்லையா? மூன்று ஷிப்டு ஆட்களும் நிற்பார்கள். அவர்கள் முன்னால் சொல்லுங்கள்.