இரண்டு மணி அழைப்பு

புனிதா ஜொகூருக்குப் புறப்பட்டது, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த அடுத்த திங்கட்கிழமை. சிரம்பான் பஸ் நிலையத்தில் மகளின் பையை ஏற்றிவிட்டு, பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்றாள் அம்மா பஞ்சாலை. பஸ் கிளம்பும் முன்பே புனிதா கண்களை மூடிக்கொண்டாள். அது தூக்கமில்லை, தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காததுதான் என்று தாய்க்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன், கணவன் லாரி விபத்தில் போனபின் அவள் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்டுக்குச் சேர்ந்தாள். கோலா சாவா பக்கத் தோட்டத்தில், அவர்கள் இருந்த லயத்து வீட்டு வரிசையில் விளக்கு எரிவது நான்கே வீடுகளில். மற்றவர்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். பதினைந்து வயதுப் பெண்ணைத் தனியாக விட்டுப் போகவேண்டியிருந்தது. அதனால் ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு பிரேக். அப்ப கூப்புடுவேன். கதவு பூட்டியிருக்கான்னு வீடியோவுல காட்டணும்."

"தூங்கிட்டா?"

"எடுக்கலன்னா வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவேன்லா!"

அம்மாவின் வேலை போய்விடுமே என்ற பயத்தில் புனிதா இரண்டு மணிவரை தூங்காமலே இருந்தாள். விழித்திருக்க வீடியோ பார்த்தாள், தோழிகளோடு அரட்டை அடித்தாள். பேசி முடித்தபின் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஐந்தரைக்குப் பள்ளி பஸ்.

"மொத மணியிலயே எடுத்துருவா எம் மக," என்று கேன்டீனில் பெருமையடித்தாள் பஞ்சாலை.

பக்கத்து வீட்டு லோகேஸ்வரி ஒருநாள் கேட்டாள்: "விடிய விடிய ஒங்க ஜன்னல் நீலமா மின்னுதே அக்கா, மக தியேட்டர் நடத்துறாளா?"

வகுப்பில் தூங்குகிறாள் என்று ஆசிரியரும் கூப்பிட்டுச் சொன்னார். பஞ்சாலை போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாள். மாலையில் தொழிற்சாலை வேன் வந்தபோது, அவளே அதை எடுத்து மகள் கையில் திணித்துவிட்டு ஏறினாள். இரண்டு மணிக்கு வேறு எப்படிக் கூப்பிடுவது?

எஸ்.பி.எம். வரலாற்றுத் தேர்வன்று புனிதா வினாத்தாளின் மேல் நெற்றியை வைத்தாள். கண்காணிப்பாளர் இரண்டு முறை தட்டி எழுப்பினார். முடிவு வந்தபோது, வரலாறு தவிர மற்ற பாடங்களில் எல்லாம் தேறியிருந்தாள். வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது.

"போன நோண்டி நோண்டியே நாசமாப் போனியேடி!"

"ரெண்டு மணிக்குக் கூப்புட்டது யாரும்மா?"



மறுதேர்வு எழுதலாம் என்றார் ஆசிரியர். "ராத்திரி எப்படித் தூங்குறதுன்னே மறந்துபோச்சு சார். என்னத்த எழுதுறது?" என்றாள் புனிதா. ஜொகூர் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க வந்த ஏஜெண்டிடம் பெயர் கொடுத்துவிட்டாள்.

அவள் போனபின் பஞ்சாலை கெஞ்சிக் கூத்தாடிப் பகல் ஷிப்டுக்கு மாறினாள். மகளைப் பகலில் கூப்பிட்டாள், மாலையில் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு மெசேஜ் வந்தது:

"ம்மா, நானே கேட்டு நைட் ஷிப்டுக்கு மாறிட்டேன். எப்படியும் தூக்கம் வர்றதில்ல, நைட் அலவன்ஸாவது கெடைக்கட்டும். இனிமே கூப்புடாதீங்க."