தன் பாலைத் தானே குடிக்கும் மாடு

நான் புதுநன்மைக்குத் தயாரான வருஷம் யாரையும் நம்பவில்லை. கோயிலில் முதன்முதலாக நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குவதற்கு முன்னால் செய்த பாவங்களையெல்லாம் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். அதற்காக மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பாவங்களை வகை வகையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். சொல்ல வேண்டியதை மறைத்தாலும் பொய்தான் என்றார். என் பாவங்களைத் தேடுவதைவிட வீட்டிலிருப்பவர்களின் பாவங்களைத் தேடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டி எங்கள் வீடு. அக்காவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அந்த வருஷம் பார்த்து முந்திரி காய்க்கவில்லை. பணம் கட்ட வேண்டுமென்றால் விற்பதற்கு இருந்தது ஜெர்சி மாடு ஒன்றுதான். அம்மாவின் தம்பியான மாமா, தன் சிநேகிதர் வீட்டில் பேசி முடித்து எங்களுக்கு வாங்கிக்கொடுத்த மாடு அது. ஒரு குறையும் சொல்ல முடியாது என்று அன்றைக்கு அவரே பிடித்துக்கொண்டு வந்து கட்டினார். மாமாவுக்குக் கோயிலில் நல்ல மரியாதை. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர் அவர்தான். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல்.

விற்கும் பொறுப்பையும் மாமாவே எடுத்துக்கொண்டார். மாட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். மறுநாளே ஜெயங்கொண்டத்திலிருந்து ஒருவர் வந்தார். பல்லைப் பார்த்தார், மடியைத் தடவினார், சுழி பார்த்தார். விலை படியும் நேரத்தில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு விஷயங்க. இது தன் பாலைத் தானே குடிக்கும். கயித்தைக் குட்டையாக் கட்டணும்."

வந்தவர் மாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். விற்கிறவனே வலிய வந்து ஒரு குறையைச் சொன்னால், அதைவிடப் பெரியதை ஒளிக்கிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுபடியும் பல்லைப் பார்த்தார். மாட்டை நடக்கவிட்டுக் காலைப் பார்த்தார். "வூட்ல கேட்டுட்டு வரேங்க" என்று வண்டியை எடுத்தவர் அப்புறம் வரவே இல்லை.

அடுத்து வந்தவர்களும் அப்படியே போனார்கள். மாட்டுக்கு ஏதோ நோய் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. ராசியான மாட்டை விற்க மனசில்லாமல் அப்பா நாடகம் ஆடுகிறார் என்றும் சொன்னார்கள். அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "புள்ளைய படிக்க அனுப்ப இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்க" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள்.

எல்லோரையும்விட அதிகம் கொதித்தவர் மாமாதான். "கேட்டா சொல்லுங்க மச்சான். கேக்காததுக்கு ஏன் வாயத் தொறக்குறீங்க? அது எப்படிப் பொய்யாகும்?"

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடித்துவிட்டு வந்தார். "ஞாயித்துக்கெழம இதே நாக்குலதான மாப்ள நன்ம வாங்குறோம்" என்றார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அப்பா மேல்தான் சந்தேகம். மாடு தன் பாலைக் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பால் குறைந்தால் கன்று குடித்துவிட்டது என்றுதான் அம்மா சொல்வாள். ஒரு மத்தியானம் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து கண்காணித்தேன். மாடு கோயிலில் இருக்கும் அந்தோணியார் சுரூபம் மாதிரி சாதுவாக நின்றது. அசை போட்டது, வாலால் ஈ ஓட்டியது. குட்டைக் கயிற்றில் கட்டிய மாட்டால் கழுத்தைத் திருப்பவே முடியாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. அப்பா சொல்வது பொய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாமா சந்தோஷப்படுவார் என்று அவரிடம் ஓடினேன். "மாமா, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அது குடிக்கவே இல்ல."

பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "குடிக்கும் பாப்பா. என் சிநேகிதன் வூட்ல இருந்தப்பவே குடிக்கும்" என்றார். பிறகு துணி பிடித்த கை நின்றது. என்னைப் பார்த்தார். "போ, போய் வெளையாடு" என்றார். மாமாவும் அப்பா பக்கம் சேர்ந்துவிட்டார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

அந்த வாரமே வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு பெண்மணி மகனோடு மினி லாரியில் வந்தார். அப்பா காட்டுக்குப் போயிருந்ததால் மாமாதான் மாட்டைக் காட்டினார். இன்றைக்காவது காரியம் முடியட்டும் என்று அம்மா கதவோரம் நின்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தாள். விலை படிந்தது. மகன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

"இருங்க" என்றார் மாமா. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஒரு கொறை இருக்குங்க. தன் பாலைத் தானே குடிக்கும்."

அந்தப் பெண்மணியும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். "இத ஏன் இப்பச் சொல்றீங்க?"

"முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பெண்மணி மடியை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். "கழுத்துல கட்டை கட்டிப் பாத்துக்கறேன். வெலையக் கொறைங்க" என்றார். மாடு கன்றோடு வண்டி ஏறியது. துண்டு விழுந்த பணத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அக்கா காலேஜில் சேர்ந்துவிட்டாள். ஆனால் அன்றைக்கு அம்மா தன் தம்பிக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

அப்பா வந்து வெறும் கட்டுத்தறியைப் பார்த்தார். "சொன்னியா?"

"சொன்னேன் மச்சான்."

"கை கழுவிட்டு வா, சாப்புடலாம்" என்று அப்பா மாமாவின் தோளில் கையை வைத்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டார்கள். கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னவர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் நாள். பெரியவர்களும் கலந்து நின்ற வரிசையில் எனக்கு முன்னால் மாமா நின்றார். அவர் முறை வந்ததும் முழங்காலில் இருந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டார்கள். மாட்டைப் பற்றிச் சொன்ன பொய்க்குத்தான் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் நினைத்தது சரிதான். அது எந்தப் பொய் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.