கார்டுக்கு வந்த மயக்க டாக்டர்

சங்கக் கட்டடத்தில் முதியோர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. என் மச்சினன் தொம்மை நனைந்தபடி வந்து வாசலில் நின்றான்.

"அத்தான், வெளிய வாங்க."

"இருல, இன்னும் ஒரு வரி கெடக்கு."

"மயக்க டாக்டரு போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். தொம்மை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் புரிந்தது. பாளையங்கோட்டை போகிற வழியில், காரிலேயே உயிர் போய்விட்டதாம்.

மில் தோழர்களே, டாக்டர் பேச்சிமுத்துவைப் பற்றி நம் சங்க இதழில் எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான்தான் கேட்டு வாங்கினேன். எழுத்துக் கற்ற பிறகு நான் எழுதும் முதல் நீண்ட சங்கதி இது. ஒவ்வொரு எழுத்தும் நான் நினைத்தபடி தாளில் வந்து உட்காரும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சாவைப் பற்றி எழுதும்போது இப்படிச் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. அவர் இருந்திருந்தால், "சந்தோசப்படுங்க அண்ணாச்சி, யாரு வேண்டாங்கா?" என்றிருப்பார்.

நான் முத்துக்குளித்தவன். முத்துக்குளிப்பு நின்ற பிறகு சங்கு குளித்தேன். ஒரு காதில் ஜவ்வு கிழிந்து கடல் வேண்டாமென்று ஆனபின் மில்லில் பேல் என்கிற பஞ்சுப் பொதி தூக்கினேன். பேல் தூக்கியதில் குடல் இறங்கியது. ஒரு நாள் காலையில் இறங்கிய குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டது. வலியில் நாக்கைக் கடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தேன். காசில்லாமல் வைத்தியம் பார்க்க, நம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு என் மனைவி மிக்கேலம்மாள் கையில் இருந்தது.

ஆபரேஷன் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள வெட்டணும். இல்லன்னா குடல் அழுகிரும். வெட்ட நான் இருக்கேன். மயக்கம் குடுக்க இங்க ஆள் இல்ல. வெளிய இருந்து கூட்டிட்டு வந்தாத்தான் உண்டு" என்றார்.

தொம்மை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். முதலில் போன பங்களாவில் கம்பவுண்டர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "கார்டா? கார்டுக்கு ஐயா வரமாட்டாரு" என்றாராம். இன்னொரு இடத்தில் டாக்டரே வெளியே வந்து, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னாராம். அவ்வளவு தூரம் நான் தாங்கமாட்டேன் என்று ஆபரேஷன் டாக்டர் சொல்லிவிட்டார். மிக்கேலம்மாள் அழவில்லை. கார்டை மடியில் வைத்து, சுருக்கம் இல்லாத அந்தக் கார்டைத் தடவித் தடவி நீவிக்கொண்டே இருந்தாள். வார்டு கூட்டுகிற அம்மாள்தான் தொம்மையைக் கூப்பிட்டு, ஸ்டேஷன் பக்கம் பச்சைக் கதவு வீட்டில் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், போய்ப் பார் என்றாள்.

பேச்சிமுத்து டாக்டர் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தாராம். தொம்மை வாசலில் நின்று, "சார், கார்டுதான் சார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். இரண்டு இடத்தில் பட்டவன் அல்லவா? அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கார்டு கெடக்கட்டும்ல. ஆளுக்கு மூச்சு இருக்கா?" என்று கேட்டார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு தொம்மையின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாதி மழித்த முகத்தோடு ஒருவர் என்மேல் குனிந்தபோது, வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

என் மூக்கின்மேல் துணி போட்ட கம்பி வலையை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். "நல்லா இழுங்க அண்ணாச்சி" என்றார். இழுத்தேன். நெஞ்சு நிறைந்ததும் மூச்சை அடைத்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணை மூடி, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தால், அடுத்தது தண்ணீர் என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். அது தானாக அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் டாக்டர் பதறி, "என்ன பேச்சிமுத்து, மூச்சக் காணும்?" என்று சத்தம்போட்டார்.

இவர் பதறவில்லை. வலையை எடுத்துவிட்டு என் கன்னத்தில் தட்டினார்.

"அண்ணாச்சி, மில்லுக்கு முன்ன என்ன சோலி?"

"குளி."

"அதான பாத்தேன். நீங்க கீழ போகையில மேல கயிறு யாரு பிடிப்பா?"

"மச்சினன்."

எங்கள் கடற்கரையில் அதுதான் வழக்கம். குளிப்பவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். அக்காள் தங்கை தாலி அறுக்கக் கூடாதே என்று அவன் கண்ணைக் கயிற்றைவிட்டு எடுக்கமாட்டான்.

"இப்ப அவன் எங்க?"

"வெளிய நிக்கான்."

"உள்ள கூப்பிடுங்க" என்றார். ஆபரேஷன் டாக்டர் கூடாது என்றார். "அவன் வராம இவரு மூச்ச விடமாட்டாரு சார்" என்றார் இவர். தொம்மைக்கு முகத்தில் துணி கட்டி என் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இப்ப விடுங்க அண்ணாச்சி. மேல நாங்க ரெண்டு பேரு இருக்கோம்." விட்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்ததெல்லாம் தொம்மை சொன்னதுதான். "கத்தி வச்சதும் நான் சொவரப் பாத்துத் திரும்பிட்டேன் அத்தான். அந்த மனுசன் ஒரு தடவகூடத் தலையத் திருப்பல. ஒங்க தாடையில வெரல வச்சவரு கடைசி வரைக்கும் எடுக்கல. நானே கயிறு பிடிச்சவன், என்னால அப்படி நிக்க முடியாது."

அதன்பின் உங்களில் எத்தனையோ பேர் அவர் கையில் உறங்கி எழுந்தீர்கள். மற்ற டாக்டர்கள் அவரைக் 'கார்டு டாக்டர்' என்று கேலி பேசினார்கள். அவரிடமே சொன்னேன். "நல்லதாப் போச்சு. வீடு தேடுறவங்களுக்குச் சுளுவா இருக்கும்" என்று சிரித்தார்.

எல்லாரும் எழவில்லை. நூற்பு மிஷினில் வேலை பார்த்த கதிரேசனை நினைத்துப்பாருங்கள். கலியாணம் ஆகி ஒரு வருஷம்கூட முடியாதவன். ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டான். பிணம் கிடந்த வீட்டுக்கு டாக்டர் தனியாக நடந்து வந்தார். கதிரேசனின் தாய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உறங்க வச்சியே, எழுப்புனியாய்யா?" நாங்கள் விலக்கப் போனோம். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எழுப்ப முடியல, ஆத்தா" என்றார். பாடை எடுக்கும்வரை வெயிலில் நின்றார்.

இனி அவர் போன கதை. வயிற்றுப் புண் முற்றி ஓட்டை விழுந்துவிட்டது. எனக்கு வெட்டிய அதே ஆபரேஷன் டாக்டர்தான் அவரையும் பார்த்தார். உடனே வெட்ட வேண்டும். வெட்ட அவர் தயாராக இருந்தார். ஊரில் மயக்கம் கொடுக்கிறவர்களில் ஒருவர் ஊர்மாறிப் போய்விட்டார், இன்னொருவர் மதராஸுக்குப் போயிருந்தார். மிச்சம் இருந்தவர் மேசைமேல் கிடந்தார். "எனக்கு நானே குடுத்துக்கிட முடியுமா சார்? வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாராம். வல்லநாடு தாண்டி, அவர் ஊர்ப் பக்கத்து ஆற்றுப் பாலத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அவர் ஊர் ஆற்றங்கரைச் சுடுகாட்டில் ஆபரேஷன் டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்க முடியாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதப் படித்ததும் நான் செய்த முதல் உபகாரம் அவர் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்ததுதான். கார்டை வைத்துக்கொண்டு திண்டாடி என்னிடம் வருகிறவர்களுக்கு, 'மயக்க டாக்டர் பேச்சிமுத்து, ஸ்டேஷன் பக்கம், பச்சைக் கதவு' என்று துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பேன். அவ்வளவு பெருமை எனக்கு.

போன வாரம் செல்லக்கனி என்ற பெண் வந்தாள். மில்லுக்குப் புதிது; டாக்டர் போனது தெரியாது. புருஷனுக்குக் குடல் இறங்கிச் சிக்கிக்கொண்டதாம். "அண்ணாச்சி, கார்டுக்கு வார டாக்டர் வீடு எங்கன இருக்கு? எழுதித் தாங்க" என்றாள். நான் பென்சிலை எடுத்து, 'மயக்க டாக்டர்' என்று எழுதிவிட்டேன். கை அங்கேயே நின்றுவிட்டது. கார்டுக்கு வருகிறவர் என்று எழுதுவதற்கு இந்த ஊரில் வேறு பெயர் இல்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு தொம்மையைக் கூப்பிட்டேன். அவள் புருஷனை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டோம். வழி முழுக்க அந்தப் பையன் என் மடியில் தலை வைத்து முனகினான். நான் அவன் தாடையில் விரலை வைத்திருந்தேன். வல்லநாடு வந்தது, போனது. ஆற்றுப் பாலம் வந்தபோது தொம்மை, "அத்தான், டாக்டரு ஊரு" என்று வெளியே கையைக் காட்டினான்.

நான் அந்தப் பையன் முகத்தைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.