அக்கா வாய்வைத்துக் குடித்த தண்ணீர்

பள்ளிக்கூடப் பானைமேல் கவிழ்த்து வைத்திருந்த அந்தப் பித்தளை டம்ளரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஐம்பதுகளில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது எங்கள் தமிழ்ப் பள்ளி. மற்ற பிள்ளைகள் டம்ளரில் மொண்டு அண்ணாந்து குடிப்பார்கள். நானும் அக்காவும் மட்டும் கையைக் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்காவது மனம் வந்தால் ஊற்றுவார்கள். அப்பாவுக்கு நகராட்சியில் தெருக்கூட்டும் வேலை. ஊரிலிருந்து கப்பலேறி வந்த சனம் சட்டிபானையோடு சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தது, நாசமாய்ப் போக!

அக்காதான் வகுப்பில் முதல். டீச்சராக வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. ஒருநாள் வெயிலில் ஓடியாடிவிட்டு நான் கையேந்தி நின்றபோது, அவளுடைய வகுப்புச் சட்டாம்பிள்ளை வேண்டுமென்றே தண்ணீரை என் காலில் ஊற்றினான். "கூட்டித் தள்ளு, உங்கப்பன் கத்துக் குடுத்திருப்பான்ல?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா விறுவிறுவென்று வந்து டம்ளரைப் பிடுங்கினாள். மொண்டு எனக்குக் கொடுத்தாள். பிறகு தானும் வாய்வைத்து மடக்மடக்கென்று குடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

வாத்தியார் பிரம்பு பிளக்கும்வரை அவளை அடித்தார். டம்ளரைச் சாக்கடையில் எறியச் சொன்னார். மறுநாள் அப்பாவை வரவழைத்தார். அப்பா கைகட்டி வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

"எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கச் சொல்லு. இல்லன்னா இப்பவே கூட்டிக்கிட்டுப் போயிடு" என்றார் வாத்தியார்.

"கேட்டுடும்மா, படிப்பு போயிடும்மா" என்று அப்பா கெஞ்சினார்.

அக்கா பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றாள். பிரம்பு பட்ட கை இட்லிபோல் வீங்கியிருந்தது. "தாகம் எடுத்துச்சு, குடிச்சோம். இதுல என்ன மன்னிப்பு?" என்றாள். அவ்வளவுதான், பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்பா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். என் அக்காவைப்போல் ஒருத்தியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் அதே சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள். பின்கட்டில் கழுவுகிறவள் யார் வீட்டுப் பெண் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் வருவார். அவள் கழுவிய டம்ளரில் காப்பியை ஊதி ஊதிக் குடிப்பார். ஒருமுறை அவளைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போயிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "போய்ச் சொல்லுக்கா, அந்தாளு மூஞ்சி போற போக்கப் பாக்கலாம்" என்றேன்.

"சொன்னா இந்த வேலையும் போயிரும்டி" என்றாள் அக்கா, அடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டே.