எழுதாமல் விட்ட விதி

2005இல் மரக்காணம் உப்பளத்தை ஒட்டி அறை எடுத்து, ஓடும்போதே தன்னை மாற்றிக்கொள்ளும் சாஃப்ட்வேருக்கு ஃப்ரேம்வொர்க், அதாவது அடிப்படைச் சட்டகம், வடிவமைத்துக்கொண்டிருந்தேன். சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு என்னுடையதும் டெலிபோன் லைன் வழியாகச் சேர்ந்திருந்தது. பதில் சொல்லாத கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு, அதன் வேலையை மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நான் எழுதிய விதி. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழையில் உப்பளம் நின்றது, ஆட்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் லைனும் செத்தது. பத்து நாள் பேச ஆளில்லை. லைன் வந்ததும் அவசரமாகப் பார்த்தேன். அப்போதும் என் கம்ப்யூட்டரை ஒதுக்கியே வைத்துவிட்டு எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸிலும் ஒருவரும் என்னைத் தேடவில்லை.

தை பிறந்ததும் உப்பள முதலாளி பழைய ஆட்களின் வீடு வீடாகப் போய், "வேலை ஆரம்பிக்கிறோம், வந்துடுங்க" என்று கூப்பிட்டதை டீக்கடையில் நின்று பார்த்தேன். திரும்பி வந்தவனைச் சேர்த்துக்கொள்ள, மடையன் நான், என் விதியில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.