மர்பி டவுன் மெழுகுவத்திகள்

அந்தத் தீபாவளிக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் பரிசு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நம் ஊரில் செய்ததாக வாங்குங்கள், நாட்டுக்கு நல்லது என்றார் மேலதிகாரி. எனக்கும் அது பிடித்திருந்தது. விசாரித்ததில், மர்பி டவுனில் ஒரு பெண் வீட்டிலேயே வாசனை மெழுகுவத்தி செய்கிறாள் என்று தெரிந்து, அறுபது வேண்டுமென்று போனில் சொல்லிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் பார்க்கப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கும் முன்பே சந்துக்குள் மல்லிகை மணந்தது. ஜன்னலோரம் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர் போலிருந்த மெழுகு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பால் நிறமாக உறைந்துகொண்டு வந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. பிறகுதான் மூலையிலிருந்த மெழுகு மூட்டையும் வாசனை எண்ணெய் அட்டைப்பெட்டியும் கண்ணில் பட்டன. இரண்டிலும் வேறு தேசத்துப் பெயர்.

"எல்லாமே வெளிநாட்டுச் சரக்கா இருக்கே?" என்றேன், ஏமாற்றத்தோடு.

அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெழுகு எங்கிருந்து வந்தா என்னக்கா? சூடு பாத்து ஊத்தறது நான். அவசரப்பட்டா நடுவுல குழி விழுந்துடும்."

பொம்மனஹள்ளியில் ஒரு துணி ஃபேக்டரியில் பத்து வருஷம் தைத்தவளாம். அதை மூடியபின் யூடியூப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டாள். இவ்வளவு பெரிய ஆர்டர் இதுதான் முதல் முறை என்றாள்.

அவள் கணவருக்குச் சொந்தமாக ஆட்டோ. அறுபதும் தயாரான அன்று, பெட்டிகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். வழியில் தூறல் பிடித்தது. அல்சூர் சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரப் பெண் திரும்பிப் பார்த்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பச்சை விழுந்தும் அவள் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின.

அலுவலகத்தில் ஒரு நண்பர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை வாங்கலேன்னா வேற ஒண்ணை வாங்கியிருப்போம். நாட்டுக்கு இதுல என்ன கூடுதலா வந்துடுச்சு?" என்று கேட்டார். ஆனாலும் அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றித்தான் பைக்குள் வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, எனக்கென்று ஒன்று வாங்க மறுபடி போனேன். வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் நீல வெளிச்சம். பாட்டுப் பெட்டி ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

"அவருக்கு கிறிஸ்மஸ் கிஃப்ட். உங்க ஆர்டர்ல வந்த காசுலதான் வாங்கினேன்" என்றாள். நான் குனிந்து அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அதுவும் வெளிநாடுதான்க்கா."

எனக்கும் சிரிப்பு வந்தது. நாட்டுக்கு என்று நான் கொடுத்தது, எந்தக் கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததோ!

"ஸ்வல்ப ஏறுங்க, ஒரு ரவுண்டு போலாம்" என்றார் அவள் கணவர், கன்னடம் கலந்து.

சாயங்காலப் பனியில் அல்சூர் ஏரி கரைந்துபோயிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் என் பக்கத்தில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஃபேக்டரில இருந்த பத்து வருஷத்துல இவருக்குன்னு ஒண்ணும் வாங்கினதில்லக்கா" என்றாள் தாழ்ந்த குரலில்.

முன்னால் அவர் காதில் அது விழவில்லை. பாட்டோடு சேர்ந்து சுருதியில்லாமல் பாடிக்கொண்டிருந்தார். ஏரியைச் சுற்றி முடிந்ததும் அவள் அவர் தோளைத் தட்டி, இன்னொரு சுற்றுப் போகச் சொன்னாள்.