எட்டு வயதில் மீசை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு என்னுடைய மூன்று லொறிகள் கொழும்புக்கு ஓடுகின்றன. ஒருத்தரையும் இலேசில் நம்பாததால்தான் நான் நிமிர்ந்தேன். அந்தச் சந்தேகப் படிப்பை எட்டு வயதில் வீட்டிலேயே படித்து முடித்துவிட்டேன்.

உடுவிலில் எங்கள் வளவும் பெரியம்மாவின் வளவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த காணி. நடுவேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையப் பொட்டு ஒன்று இருந்தது. கறிவேப்பிலையும் ஊர்க்கதையும் அதனால்தான் போய் வரும்.

எண்பத்தாறாம் ஆண்டளவில் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, பெரியபிள்ளையானாள். வழக்கப்படி அவளை அறைக்குள் இருத்திப் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி என்று கொடுத்தார்கள். அக்காவுக்கு முட்டையைக் கண்டாலே ஓங்காளம். பெரியம்மா அங்காலே திரும்பியதும் கோப்பை ஜன்னலால் என் கைக்கு வரும். ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். அந்த விஷயத்தில் ஊரில் என்னை வெல்ல ஆளில்லை.

சில மாதங்களில் எனக்கு மீசை அரும்பியது. குரல் தடித்தது. முகத்தில் பரு. வேர்த்தால் வளர்ந்த ஆம்பிளையின் மணம். தோட்டத்துக்கு இறைக்கும் மெஷினைத் தனியே தூக்கிக் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கோ சோறு இறங்கவில்லை.

"உண்மையைச் சொல்லடா. வெளியிலை என்னத்தைத் திண்டனி?"

"பெரியம்மா வீட்டிலை முட்டை. களியும்."

"ஆர் தந்தது?"

உள்ளதைச் சொன்னால் அக்காவுக்கு அடி விழும். எனக்கும் கள்ளன் என்ற பட்டம் வரும். "பெரியம்மா," என்றேன்.

அம்மா பொட்டுக்குள்ளால் போன வேகத்தில் சேலை வேலியில் கிழிந்தது. நான் பின்னாலே ஓடினேன்.

"உனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லாத எரிச்சலே? என்ரை பிள்ளைக்கு என்னத்தைக் கலந்து குடுத்தனி?"

"விசரே உனக்கு? என்ரை பெட்டைக்கு வைச்சதே பத்தேல்லை. உவனுக்கு நான் ஒண்டும் குடுக்கேல்லையடி." பெரியம்மா என் பக்கம் திரும்பினா. "நீ சொல்லு ராசா. நான் தந்தனானே?"

நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று பின்னேரமே ஐயா தென்னோலைக் கிடுகு வைத்துப் பொட்டை அடைத்தார்.

ஆமிக்காரரின் ஹெலி வானத்தில் சுற்றாத ஒரு காலையில் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா. இரத்தம் எடுத்தார்கள். பிறகு கையை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். மீசைக்கு வந்தவனுக்கு ஏன் கையைப் படம் பிடிக்கிறார்கள் என்று அவர்களையும் நான் சந்தேகப்பட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது எலும்பு என்றார் டொக்டர். அம்மா முட்டைக் கதையை எடுத்தா.

டொக்டர் தன் வழுக்கையைத் தடவினார். "முட்டையிலை மயிர் வளருமெண்டால் எனக்கேன் அம்மா இந்தக் கோலம்?"

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். என்னுடையது பிறவியிலேயே பிழை. சுரக்க வேண்டியது குறைவு, ஆம்பிளைத்தனத்தைக் கொண்டு வருவது கூடுதல். ஒருநாளும் விடாமல் குளிசை போட வேண்டும் என்றார். ஊரில் ஒருவருக்கும் வராத வருத்தம் எனக்கு வந்தது என்பதில் எனக்கொரு மிதப்பு.

வீட்டுக்கு வந்ததும் ஐயா கிடுகைப் பிடுங்கினார். அம்மா பொட்டடியில் நின்று கூப்பிட்டா.

"அக்கா, சாப்பாட்டாலை வந்ததில்லையாம். டொக்டர் சொல்லிப்போட்டார்."

பெரியம்மா முற்றம் கூட்டுவதை நிறுத்தவில்லை. "டொக்டர் சொன்னாப் பிறகுதானே உனக்கு நான் அக்கா," என்றா. குனிந்தபடியே என்னை ஒருமுறை பார்த்தா. நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அடுத்த நாள் காலையில் பொட்டு மறுபடியும் அடைத்துக் கிடந்தது. முடிச்சுகள் பெரியம்மாவின் பக்கம் இருந்தன. டொக்டரே சொல்லிவிட்டார், இனியும் இவவுக்கு என்ன கோபம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவ காத்திருந்தது டொக்டரின் வாய்க்கு அல்ல, என் வாய்க்கு என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.